குவளையும் சங்கிலியும்

மோல்மேனில் என் ஜெராக்ஸ் கடை வாசலில்
நிழலுக்குக் கூரை போட்ட பலகைமேல்
ஒரு மண்பானை.
நான் வைத்ததில்லை.
கடையை எனக்கு விற்ற டோ நீலா வின்
சாவியைத் தரும்போது சொன்னாள்:
தண்ணீர் மட்டும் நின்றுவிடக் கூடாது.
விலையில் அதைச் சேர்க்கவில்லை.

கரண்ட் இருந்தால் மோட்டார்த் தண்ணீர்.
இல்லாத நாளில்
பள்ளிவாசல் கிணற்றிலிருந்து இரண்டு வாளி.
சைக்கா ஓட்டுகிறவர்கள் குடித்தார்கள்,
பள்ளிப் பிள்ளைகள், வெற்றிலைக்காரி,
தனக்குத் தானே கணக்குச் சொல்லித் திரிகிற ஒருவன்.
கசிந்த துளிகளை ஒரு நாய்.

தருமம் தலைகாக்கும் என்பார்கள்.
நான் அப்போதெல்லாம்
தலையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் குவளை அலுமினியம். போனது.
இரண்டாவது எவர்சில்வர். அதுவும் போனது.
மூன்றாவதின் கைப்பிடியில் துளை போட்டு
சந்தையில் வாங்கிய சங்கிலியால்
பலகையோடு பூட்டினேன்.
அன்றிலிருந்து திருட்டு இல்லை.
நெட்டையானவர்கள்
குனிந்துதான் குடிக்க வேண்டியிருந்தது.
அதை நான் அளந்து செய்யவில்லை.
பார்த்த பிறகும் மாற்றவில்லை.

என் கடைக்கு இப்போது வருகிற காகிதங்கள்
பெரும்பாலும் கிளம்புகிற காகிதங்கள்.
பாஸ்போர்ட், குடும்பப் பட்டியல், பட்டச் சான்றிதழ்.
யார் எங்கே என்று நான் கேட்பதில்லை.
கண்ணாடிக்கு அடியில் விளக்கு நகர்கிறது,
ஒரு முகம் வெளிச்சமாகி அணைகிறது,
அடுத்தது.

ஆனி மழையில் ஒருத்தி வந்தாள்.
நாலாய் மடித்த கடிதம்.
ஆறு பிரதி என்றாள்.
தலைகீழாக இருந்தாலும் என் கண் படித்துவிடும்:
மகன் பெயர். வயது இருபத்திரண்டு.
ஆஜராக வேண்டிய தேதி.
அந்தப் பெயர்மேல் ஆறு முறை
விளக்குப் போய்த் திரும்பியது.

காசு வேண்டாம் என்றேன்.
எவ்வளவு நல்லவள் நான் என்ற நினைப்பு
அவள் காகிதத்தை மடித்து முடிக்குமுன்
வந்து உட்கார்ந்துவிட்டது.
வெட்கத்தோடு அதைப் பார்த்தேன்.
அது எழுந்து போகவில்லை.

வெளியே போய்ப் பானையில் மொண்டாள்.
உயரமானவள்.
சங்கிலி அவளை இழுத்துக் குனிய வைத்தது,
என் கடையைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி.
பாதி குடித்தாள்,
மீதியைக் குரோட்டன் செடியின் வேரில் ஊற்றினாள்.
குவளை பானையில் இடித்துக்
கிணுங்கென்றது.
நாள் முழுக்க நான் கேட்கிற சத்தம்.
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில்
கண்ணை மூடி நின்றபோது
என் தம்பிக்கு விசா கேட்டேன்,
எனக்கு மூட்டுவலி தீரக் கேட்டேன்,
ஊர் அமைதியாக வேண்டும் என்றும்
கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.
அந்த வேண்டுதலின் கைப்பிடியிலும்
ஒரு துளை இருந்தது.
சங்கிலியின் மறுமுனை என் இடுப்பில்.

சைக்கிள் கடை ஹனீபாவிடம் குறடு வாங்கினேன்.
தூக்கிட்டுப் போயிருவாங்களே அக்கா, என்றான்.
போகட்டும் என்றேன்,
அன்றே இரண்டு குவளை
கூடுதலாக வாங்கி
பெட்டியில் ஒளித்து வைத்தவள்.

ஒன்பது நாள் இருந்தது.
பத்தாம் நாள் காலை
பானைமேல் மூடி மட்டும்.

கோபம் வந்தது.
பழைய வாடகைக்காரன் மாதிரி
செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே உள்ளே.
இரு, என்று அதற்கும் இடம் விட்டேன்.
எடுத்தவர்
நடக்க முடியாத யாருக்கோ
தண்ணீர் கொண்டு போயிருக்கலாம்.
அரை கிலோ அரிசிக்கு
விற்றிருக்கலாம்.
தெரியாது.

அந்தப் பையன் ஆஜரானானா,
ஆற்றைத் தாண்டினானா,
எந்த வீட்டுப் பரணில் மூச்சைச் சின்னதாக
விட்டுக்கொண்டிருக்கிறானா,
தெரியாது.
ஆறு பிரதியும் யார் யார் கையில்
என்பதும்.
என்னை எனக்குத் தெரியும் என்று
இத்தனை வருஷம் சொல்லி வந்ததைக்கூட
இப்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

மழை விட்ட நேரத்தில்
பெட்டியைத் திறந்தேன்.
புதுக் குவளை, விலைச்சீட்டு ஒட்டியபடி.
நகத்தால் சுரண்டி எடுத்தேன்.
பானைமேல் கவிழ்த்து வைத்தேன்.

கையை எடுக்கத்தான்
கொஞ்ச நேரம் பிடித்தது.